மாடியில் எரிந்த ஊதுபத்தி

எங்கள் வீட்டில் ஊதுபத்தி கொளுத்தும் வழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் ஒரு பாட்டு, ஒரு வேதவசனம், ஒரு ஜெபம், அத்தோடு முடிந்தது. அதனால் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக எங்களோடு வந்த மகள், வந்த வாரமே ஊதுபத்தி வாங்கித் தரச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது.

“மாடி பாத்ரூம்ல ஒரு மாதிரி வாடை வருதும்மா. குமட்டிக்கிட்டு வருது.”

பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்த வாடை ஆகும், எது ஆகாது என்று யார் சொல்ல முடியும்? அவளைச் சுமந்திருந்தபோது எனக்குச் சோறு கொதிக்கிற வாடையே ஆகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இரண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். மல்லிகை வாசனை.

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் வீடு. கீழே நாங்கள் இருவரும். மாடியில் ஒரே ஒரு அறை, அதற்கொரு குளியலறை. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டாம், கீழேயே படுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். “நடக்கச் சொல்லித்தான் டாக்டரே சொல்றாங்க” என்று அவள் கேட்கவில்லை.

என் கணவர் சிகரெட் பிடிப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். கல்யாணமான புதிதில் சண்டை போட்டேன். மகள் பிறந்தபின் அழுது பார்த்தேன். சபையில் அவருக்காக உபவாசக் கூட்டம்கூட வைத்தார்கள். கூட்டம் முடியும்வரை அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் வாசல் நாற்காலிக்குப் பக்கத்தில் சாம்பல் தட்ட ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டு நான் ஓய்ந்துபோனேன். தினமும் பாத்திரங்களோடு அந்தத் தட்டையும் சேர்த்துக் கழுவிவிடுவேன்.

அதனால் மாடியில் ஊதுபத்தி வாசனைக்கு அடியில் சிகரெட் வாடை வந்தபோது வேறு யார் மேலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நேரே அவரிடம்தான் போனேன்.

“ஏங்க, வாசல்லதான் ஊதுறீங்கன்னா, இப்ப மாடிக்கும் போயாச்சா? வயித்துப்பிள்ளக்காரி இருக்கிற வீட்டுல கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?”

“மாடிக்கா? முழங்கால் வலியோட நான் எதுக்கு மாடிக்குப் போறேன்?”

நான் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் சிகரெட் விஷயத்தில் அவர் சொன்ன பொய்கள் கொஞ்சமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் பேரையூரில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் தவறிவிட்டார். அடக்கத்துக்குப் போனவர் இரண்டொரு நாள் அங்கேயே தங்கிவிட்டார். அன்று எனக்கு மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, மாடிக் கம்பியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். அவளுடைய அறை திறந்து கிடந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. ஊதுபத்தி மணத்தது. அதற்கடியில் அந்த வாடையும் இருந்தது.

அவர் பேரையூரில் இருக்கிறார் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

துணியை மார்போடு அணைத்தபடி கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. வளைகாப்பன்று இரண்டு கையிலும் முழங்கைவரை அடுக்கிய கண்ணாடி வளையல்கள். கை மேலே போகும்போது கலகலவென்று சரியும். கொஞ்சம் நிசப்தம். பிறகு கை கீழே வரும்போது மறுபடி கலகல. மறுபடி நிசப்தம். குளிக்கிற கையில், துவைக்கிற கையில் வளையல் இப்படிச் சத்தம் போடாது.

கதவைத் தட்ட என் கை எழவில்லை. அவள் திறக்கும்வரை நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. பொய் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“எம்புட்டு நாளா?” என்று கேட்டேன்.

“வேலைக்குச் சேர்ந்ததுல இருந்தும்மா.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிடிப்போம். உண்டாயிருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே அவரு விட்டுட்டாரு. நானும் விட்டேம்மா. சத்தியமா விட்டேன். கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தேன். அப்பறம் ஆபீஸ்ல ஒருநாள் ஒண்ணு… அப்பறம் முடியல.”

“வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு…”

“தெரியும்மா. நீ சொல்லாத. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? இதைப்பத்தி நான் படிச்ச அளவுக்கு நீ படிச்சிருக்க மாட்ட. ஒவ்வொரு தடவையும் அது அசையுதான்னு கையை வச்சுப் பாத்துக்கிட்டேதான் பிடிக்கிறேன்.”

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவளை அடிக்கவா, கட்டிப்பிடிக்கவா? இரண்டுக்கும் என் உடம்பில் தெம்பில்லை. கடைசியில் நான் செய்தது, அவளிடமிருந்த பாக்கெட்டைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக ஒடித்துத் தண்ணீர் ஊற்றியதுதான். அவள் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. நான் கீழே இறங்கும்போது மட்டும் சொன்னாள்.

“அப்பாகிட்ட சொல்லிராதம்மா. அவருக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன்.”

அன்று மருமகனுக்குப் போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன். நான் முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அத்த, நான் சொல்லாம இருப்பேனா? கெஞ்சியும் பாத்துட்டேன், சண்டையும் போட்டுட்டேன். சத்தம் போட்டா வெளிய போயி ஒளிஞ்சு பிடிக்கிறா. ஒருநாள் மொட்டை மாடித் தண்ணித்தொட்டிக்குப் பின்னால நின்னா. கால் வழுக்கி விழுந்துட்டா என்ன செய்யன்னு பயந்துதான் அப்பறம் சத்தம் போடறத விட்டேன். உங்ககிட்ட வந்தா நின்னுரும்னு நெனச்சேன்” என்றார். எல்லாரும் எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜெபம்தான். மறுநாள் காலையில் அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, அவள் வயிற்றில் கை வைத்து ஜெபித்தேன். பாதியிலேயே அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“வேண்டாம்மா. நீ அழுது ஜெபம் பண்ணப் பண்ண எனக்குள்ள படபடன்னு வருது. உடனே ஒண்ணு பிடிக்கணும்போல இருக்கு.”

அதற்குமேல் அவள் முன்னால் ஜெபிக்க எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுக் காவல் இருந்தேன். அவள் குளியலறைக்குப் போனால் படிக்கட்டில் நிற்பேன். கடைப்பக்கம் அவளைத் தனியாக விடவில்லை. அப்படியும் அந்த வாடை வந்தது. எங்கிருந்து கிடைக்கிறது என்று குழம்பிப்போனேன். பிறகு நெருக்கிக் கேட்டபோது அவளே சொன்னாள். மீட்டர் பெட்டிக்கு மேலே என் கணவர் எப்போதும் இரண்டு மூன்று பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார். அவர் எண்ணி வைப்பதில்லை. அவள் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. “வெக்கமா இல்லையா? பொம்பளப்பிள்ள, அதுவும் அப்பா பாக்கெட்ட…” என்று ஆரம்பித்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

“நான் தொட்டில்ல கிடந்தப்பயும் அப்பா பிடிச்சாரும்மா. நீ அவருக்குத் தட்டு கழுவி வச்ச. இப்ப என்னையப் பாத்து மட்டும் உனக்குப் பொம்பளப்பிள்ளன்னு தோணுதா?”

முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். எந்தக் கேள்விக்கும் கரும்பலகையில் விடை போட்டுவிடுகிறவள். அவள் முன்னால் வாயடைத்து நின்றேன்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, பிள்ளை வளர்த்தி கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றார். சாப்பாடு, தூக்கம், ரத்த அழுத்தம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, “வேற ஏதும் பழக்கம் இல்லைல்ல?” என்று கேட்டார். தாளைப் பார்த்தபடி கேட்டாரே தவிர, இருக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. மகள் “இல்ல டாக்டர்” என்றாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வளையல்களைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் நான் சொன்னால் அவள் அந்த அறைக்குத் திரும்ப வரவே மாட்டாள் என்று தோன்றியது. மாத்திரை வாங்கப்போவதாகச் சொல்லி எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தேன். வெகுநேரம் அவள் வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“சொல்லிட்டேன்” என்றாள்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவர் திட்டவில்லை. “இந்த மாசத்துல விட்டாலும் லாபந்தாம்மா. பிள்ளைக்குப் போற மூச்சு கூடும். குறைச்சா போதும்னு நெனைக்க வேண்டாம், முழுசா விடணும். ஆனா வையாதீங்க. வஞ்சா மறைப்பாங்க, மறைச்சா எனக்குத் தெரியாமப் போயிரும்” என்றார். புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கென்றே ஒரு மருத்துவமனையில் ஆலோசனை அறை இருப்பதாகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அங்கே போகிற அன்று எனக்கிருந்த பயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த ஊரில் நான் எந்தத் தெருவில் நடந்தாலும் “டீச்சர், நல்லாருக்கீங்களா?” என்று யாராவது ஒருவர் நின்றுவிடுவார். சபையில் ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்டோ பிடித்துப் போனோம். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அறைக்கு வெளியே பெஞ்சில் எல்லாரும் ஆண்கள். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர்கள், கமிஷன் கடை மூட்டை தூக்குகிறவர்கள், தொண்டையில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர். அத்தனை பேர் கண்ணும் என் மகளின் வயிற்றின் மேல் விழுந்தது. யாரையோ பார்க்க வந்தவள், வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள் போல. ஒருவர் எழுந்து, “உக்காருங்க தங்கச்சி. வீட்டுக்காரருக்காக வந்தீங்களா?” என்று கேட்டார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இல்லண்ணே. எனக்காகத்தான்” என்றாள்.

அவர் நகர்ந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆலோசகர் நடுத்தர வயதுக்காரர். அவர் அவளிடம் ஏன் பிடிக்கிறாய் என்று கேட்கவில்லை. “ஒரு நாள்ல எந்த சிகரெட்ட விடறதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?” என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. மகள் யோசித்துச் சொன்னாள், சாப்பிட்டு முடித்ததும் பிடிப்பது என்று. காலையில் பிடிப்பதைக்கூடத் தள்ளிவிட முடிகிறதாம். சாப்பிட்ட வாய்க்கு அது இல்லாவிட்டால் அழுகை வருகிறதாம். அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஏதோ காய்ச்சலைப் பற்றிப் பேசுவதைப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டதும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள், பல் துலக்குங்கள், தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள், ஆசை அலைமாதிரி ஏறி இறங்கும், இறங்கும்வரை யாரிடமாவது பேசிக்கொண்டிருங்கள் என்றார். மெல்லுவதற்கு மருந்து மிட்டாய் இருக்கிறதாமே என்று நான் கேட்டேன். இருக்கிறது, ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பிரசவ டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, முதலில் அது இல்லாமல் பார்ப்போம் என்றார்.

பிறகு கேட்டார். “வீட்டுல வேற யாரு பிடிக்கிறாங்க?”

நான் மகளைப் பார்த்தேன்.

“அப்பா” என்றாள் மகள் கடைசியில்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியணும்மா. வீட்டுல ஒரு பாக்கெட் கிடந்தா, அதுகூட நீங்க தினம் தினம் மல்லுக்கட்டணும். முடிஞ்சா அவரையும் இங்க கூட்டிட்டு வாங்க.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். “நீயே சொல்லிரும்மா. என் முன்னால வேண்டாம்” என்றாள்.

என் கணவர் தினமும் சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பார். அன்று நானும் கூடப் போனேன். மைய மண்டபத்துப் பக்கம் வெயில் தாழ்ந்திருந்தது. குளத்துச் சுவரில் உட்கார்ந்து கடலை தின்கிறவர்கள், ஓடியாடுகிற பிள்ளைகள், பருத்திப்பால் வண்டி என்று ஒரே கூட்டம். ஆள் இல்லாத ஓர் இடமாகப் பார்த்து அவரை உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நேரே சொல்லிவிட்டேன்.

“என்ன பேசுற நீ?” என்றார். “யார் சொன்னா? எம்பிள்ளையா?”

“நான் பாத்தேங்க. அவளே சொன்னா. உங்க பாக்கெட்லருந்துதான் எடுக்கிறா.”

“பெங்களூரு போகவேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன். நீதான் படிப்பு, வேலைன்னு அனுப்பி வச்ச. வளர்த்த லட்சணம்!” அவர் குரல் ஏறியது. பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் அப்படியே அடங்கிப்போனார். குளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை சட்டைப்பைக்குப் போனது, பாக்கெட்டை எடுத்தது, ஒன்றை உருவி வாயில் வைத்தது, தீக்குச்சியைக் கிழித்தது. அது அவருக்குத் தெரிந்து நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தபிறகுதான் விரலிடுக்கில் இருப்பதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. கடைசிவரை பிடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். இதை நான் குறை சொல்லவில்லை. அவர் முகத்தை அப்போது பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மீட்டர் பெட்டி மேலிருந்த பாக்கெட்டுகள் அன்றே காணாமல் போயின. வாசல் நாற்காலியில் அவர் உட்காருவதில்லை. பிடிக்க வேண்டுமென்றால் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டு வருவார். ஆனால் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்து வெளியே போய்விடுவார். அவளும் அவர் இருக்கிற பக்கம் வருவதில்லை. நான் ஒருத்தி நடுவில் நின்றுகொண்டு, “அப்பா காபி குடிச்சாராம்,” “பாப்பா தூங்கிட்டா” என்று இரண்டு பக்கமும் சேதி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் விட்டாள். விட்டபிறகுதான் விடுவதென்றால் என்னவென்று நான் பார்த்தேன். ஒருநாள் ரசத்தில் உப்பு குறைந்ததென்று தட்டை விசிறி எறிந்தாள். எறிந்துவிட்டு, குனிந்து பொறுக்க முடியாமல் வயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்து அழுதாள். தலை பிளக்கிறது என்பாள். தூக்கமில்லை. இருமல் புதிதாக வந்தது. அது நல்லதுக்குத்தான், நுரையீரல் கழுவிக்கொள்கிறது என்று ஆலோசகர் போனில் சொன்னார். சோம்பு, கிராம்பு, புளியங்காய் என்று எதையாவது மென்றுகொண்டே இருப்பாள். சாப்பிட்டு எழுந்ததும் நான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தெருவில் நடப்பேன். என்ன பேசுவதென்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுவேன். அவள் கேட்க மாட்டாள். என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்திருப்பாள். சில நாள் விரல் கன்றிப்போகும். அதுவொன்றுதான் நான் அவளுக்குச் செய்ய முடிந்தது.

நடுவில் ஒருநாள் நழுவவும் செய்தாள். எங்கே வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. “போச்சும்மா, எல்லாம் போச்சு” என்று அவளே வந்து சொன்னாள். ஒன்று பிடித்ததால் எல்லாம் போய்விடாது, அடுத்ததைப் பிடிக்காமல் இருந்தால் போதும் என்று ஆலோசகர் சொல்லித் தந்ததைக் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது.

ஓய்வு பெற்றபின் என் கணவருக்கு வாரத்தில் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு பரவை மார்க்கெட்வரை போய்க் காய் வாங்கிவருவது ஒரு பொழுதுபோக்கு. அன்றும் போயிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தண்ணீர் எடுக்க ஹாலுக்கு வந்தபோது, மகள் கதவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். கொக்கியில் அவருடைய முந்தின நாள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சட்டையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை தாயின் சேலையை மோந்து பார்ப்பதைப்போல.

நான் அசையாமல் நின்றேன். அப்போதுதான் வாசலில் அவர் நிற்பது தெரிந்தது. இரண்டு கையிலும் காய்ப்பை. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். சட்டை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவர் பைகளைக் கீழே வைத்தார். சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அவரே சோப்புப் போட்டுத் துவைக்கிற சத்தம் கேட்டது. என் கல்யாண வாழ்க்கையில் அவர் தன் துணியைத் தானே துவைத்து அன்றுதான் பார்த்தேன். திரும்பி வந்து, ஈரக் கையைத் துடைத்தபடி அவளிடம் சொன்னார்.

“அடுத்து எப்ப போகணும் அங்க? நானும் வாரேன்.”

போனார். அப்பாவும் மகளும் அந்த பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய் வந்தபிறகு அவர் நிறுத்தினார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கை நடுக்கம், எரிச்சல், மலச்சிக்கல். டீக்கடைப் பக்கம் போய்விட்டு வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. “என்னால முடியல பாப்பா” என்று மகளிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. அவள், “பரவாயில்லப்பா. மறுபடியும் பாக்கலாம்” என்றாள். அதற்குப்பிறகு வெளியே பிடித்துவிட்டு வந்தால் கொல்லையில் குளித்து, சட்டை மாற்றாமல் வீட்டுக்குள் வருவதில்லை. நாளுக்குப் பலமுறை குளிப்பார்.

குறித்த நாளுக்கு முன்பே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. எடை குறைவு என்று சொல்லித் தனி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்கவிட்டார்கள். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். “என்னாலதானம்மா?” என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தனியாக டாக்டரம்மாவைப் பிடித்து அதே கேள்வியை நான் கேட்டேன். “இதனாலதான்னு விரல நீட்டிச் சொல்ல முடியாதும்மா. பழக்கமே இல்லாதவங்களுக்கும் இப்படிப் பிறக்குது. கடைசி வாரங்கள்ல விட்டாளே, அது இல்லாட்டி எப்படி இருந்திருக்கும்னும் நமக்குத் தெரியாது” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா? அன்றிலிருந்து இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பேத்தி தேறினாள். பால் குடிக்கப் பழகினாள், எடை ஏறினாள், வீட்டுக்கு வந்தாள். அவளைத் தூக்குவதற்கு என் கணவர் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுவார். அப்படியும் தன் வாய் அவள் முகத்துக்குப் பக்கத்தில் போகாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்குவார். மருமகன் வந்து இருவரையும் பெங்களூருக்கு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இவர் டீக்கடைக்கே போய் வந்தார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் நாற்காலியில் புகையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார். எழுந்து எங்கே போவார்? நான் கண்டும் காணாததுபோல உள்ளே போய்விட்டேன்.

மகள் தினமும் பேசுவாள். நான் அவள் சொல்வதைவிட அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். பேச்சுக்கு நடுவில் இழுக்கிற சத்தம் வருகிறதா, வார்த்தை எங்காவது நின்று வருகிறதா என்று. இதை அவளிடம் சொன்னதில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் மறைப்பாள் என்ற பயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“அம்மா, முந்தாநேத்து ஒண்ணு பிடிச்சிட்டேன்.”

நான் ஈரக்காலோடு அப்படியே நின்றேன்.

“திரும்ப வேலைக்குப் போனேன்ல, மொத வாரமே. எல்லாரும் வெளிய போனாங்க, நானும் போனேன். பாதியில போட்டுட்டேன். ஆனா பிடிச்சேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“இவருகிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உனக்குத்தான் சொல்றேன்.”

எத்தனையோ வந்தது வாயில். பால் குடிக்கிற பிள்ளையம்மா என்று வந்தது. இன்னுமா என்று வந்தது. எதையும் சொல்லவில்லை. “அங்க அந்த மாதிரி ஒரு எடம் இருக்குமா?” என்று மட்டும் கேட்டேன்.

“பக்கத்துலயே ஒரு ஆஸ்பத்திரில இருக்காம். நாளைக்கு லீவு சொல்லிட்டுப் போறேன்.”

“தனியா போவியா?”

“போவேன்” என்றாள். அதற்குள் குழந்தை அழுதது. “பசிக்குது போல. வச்சிரட்டுமாம்மா?”

வை என்றேன். உள்ளேயிருந்து அவர், யார் போனில் என்று கேட்டார். பாப்பாதான் என்றேன். என்னவாம் என்றார். நான் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். டீக்கடைப் பக்கம் போகிறாரா, குளத்துப் பக்கம் போகிறாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சமையல் எதுவும் ஆகியிருக்கவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.